கான்ஜியின் பிறப்புக் கதைகள்: துணையும் தடையும்

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்குபவரைச் சட்டென்று கவர்வது, சீனாவிலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளின் பிறப்புக் கதை. மரத்தருகே மனிதன் நின்றால் ஓய்வு. இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. ஒருமுறை கேட்டால் மறக்காது. அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 கான்ஜிகள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளே 1026 படித்தாக வேண்டும். அத்தனையையும் வெறும் கோடுகளாக மனப்பாடம் செய்வது எளிதல்ல. கதைக்கு மவுசு கூடியது இதனால்தான்.

ஆனால் கதை எப்போதும் வரலாறாகிவிடாது. ‘கிழக்கு’ என்ற எழுத்தை மரத்தினூடே தெரியும் சூரியன் என்று கி.பி. 100 வாக்கில் விளக்கினார் சீன அறிஞர் ஷூ ஷென். அவர் கண்டிராத, எலும்புகளில் பொறித்த பழைய எழுத்துகள் 1899இல்தான் அறிஞர் கவனத்துக்கு வந்தன. அவற்றில் அது இருமுனையும் கட்டிய மூட்டையாகத் தெரிகிறது. ஒலி ஒத்திருந்ததால் கிழக்குக்கு இரவல் வாங்கப்பட்டது என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள் பலர்.

எழுத்துச் சீர்திருத்தமும் கதையைக் குலைத்திருக்கிறது. ‘நாற்றம்’ என்ற எழுத்தில் மேலே மூக்கு, கீழே நாய். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாயின் ஒரு புள்ளியை நீக்கினார்கள். நாய் ‘பெரிய’ என்ற எழுத்தாகிவிட்டது. 2010இல் பட்டியலில் சேர்ந்த ‘முகர்தல்’ எழுத்திலோ நாய் அப்படியே இருக்கிறது. பிறப்பு தெரிந்தவருக்கே இந்த முரண் புரியும். கதையின் உண்மையான பயன் இது.

பெரிய குறை வேறு. கான்ஜிகளில் மிகப் பெரும்பாலானவை படங்களே அல்ல. ஒரு பகுதி பொருளையும் மறுபகுதி ஒலியையும் காட்டும் கூட்டெழுத்துகள். ‘நீலம்’ என்ற எழுத்தோடு நீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் வானம் வெளுத்தல், சொல் சேர்ந்தால் வேண்டுகோள். நீலத்தைப் போலவே மூன்றுக்கும் சீனவழி ஒலிப்பு ‘ஸேய்’. நீலத்துக்கும் வேண்டுகோளுக்கும் கதை கட்ட உட்கார்பவர் இந்த ஒலிச் சாவியைத் தவறவிடுகிறார். அதே எழுத்துகளுக்கு உள்ள ஜப்பானியரின் சொந்த ஒலிப்புக்கு இச்சாவி உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கான்ஜி கற்பதற்கென நூலாசிரியர் ஜேம்ஸ் ஹைசிக் 1970களில் வகுத்த முறை, நினைவுக்காகப் புனைந்த கதைகளை வரலாறு என்று விற்கவில்லை. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் பொருளை முதலில் முடித்து, ஒலிப்பை நூலின் அடுத்த தொகுதிக்குத் தள்ளியதால், எழுத்தை அறிந்தும் வாசிக்கத் தெரியாத நிலை நீள்கிறது.

ஆக, மரம், மலை போன்ற படவெழுத்துகளுக்குப் பிறப்புக் கதை நல்ல ஆசான். மற்றவற்றுக்கு முதலில் ஒலிப்பகுதியைத் தேடுவதே முறை. அது கைகொடுக்காத இடத்தில், புனைவென்று தெரிந்தே ஒரு கதை சொல்லிக்கொள்ளலாம்.