புறவாசல் வரைக்கும் வைஃபை

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து வீடியோ கால் பேசலாம். முகம் கட்டம் கட்டமாக உடையாமல், "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று தொண்டை கிழியாமல், சாவகாசமாகப் பேசலாம். இதற்காக நான் வாங்கியது புத்தம் புதுச் சரக்கும் இல்லை. யாரோ வாங்கிப் பயன்படுத்தி, வேண்டாமென்று கொடுத்து, துடைத்துச் சோதித்து மறுபடி கடைக்கு வந்த ரீஃபர்பிஷ்டு மெஷ் ரூட்டர். டிபி-லிங்க் டெகோ எம்4, மூன்று டப்பா கொண்ட செட். புதுசின் விலையில் பாதியை ஒட்டித்தான் ஆனது. வாங்கியதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசுகிறேன். வீட்டில் நான் வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது கேளுங்கள்.

விருதுநகரின் பழைய வியாபாரக் குடும்பத்து வீடுகளுக்குள் போயிருக்கிறீர்களா? தெருவில் முகப்பு குறுகலாக இருக்கும், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். திண்ணை, பட்டாசாலை, முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி, அப்புறம் கிணறும் துவைகல்லும் இருக்கிற புறவாசல். சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும், இரண்டு அடிக்குக் குறையாது. சித்திரை வெயிலுக்கு இதைப் போல ஒரு வீடு கிடைக்காது. வைஃபைக்கு இதைப் போல ஒரு எதிரியும் கிடைக்காது.

ஃபைபர் போட வருகிற தம்பிகள் தெருக்கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, வாசலுக்குப் பக்கத்துச் சுவரிலேயே மோடத்தை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு நாளில் எத்தனை வீடு! விளைவு என்னவென்றால், பட்டாசாலையில் 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 90-க்கு மேல் காட்டும். முற்றம் தாண்டினால் பாதிகூட இல்லை. அடுப்படியில் அம்மாவின் சமையல் வீடியோ தாளிப்போடு நின்றுவிடும். கடைசி அறையில் போனே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும்.

நான் வேலை பார்ப்பது அந்தக் கடைசி அறையில்தான். சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் டிசைன், பட்டாசுப் பெட்டி லேபிள். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியானால் சீசன் தொடங்கிவிடும். ஒரு பக்கம் தீபாவளி லேபிள், இன்னொரு பக்கம் காலண்டர். ஒவ்வொரு ஃபைலும் நூற்றுக்கணக்கான எம்பி. சிவகாசி இங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சில சமயம் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் ஃபைல் சீக்கிரம் போய்ச் சேரும் போலிருக்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்து அனுப்புவேன். "என்னப்பா, திண்ணையில கடை போட்டுட்டியா?" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்பார்.

பிளானை 300-க்கு மாற்றச் சொன்னவர்கள் உண்டு. வாசலில் 300 வந்தால் அடுப்படிக்கு என்ன லாபம்? இங்கே குறை வேகத்தில் இல்லை, எட்டுவதில்தான். ரூட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு துளைத்துக்கொண்டு போகும், ஆனால் மெதுவானது, பக்கத்து வீட்டு ரூட்டர்களின் இரைச்சலும் அதில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் நம் சுண்ணாம்புச் சுவர் ஒன்றுக்கே மூச்சுத் திணறும். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை லைசென்ஸ் இல்லாமல் வைஃபைக்குத் திறந்துவிட்டது 2018 அக்டோபரில்தான். அதே மாதத்தில்தான் ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இரண்டாவது செய்திதான் ஞாபகம் இருக்கும்!

ஆக, ஒரே பெரிய ரூட்டர் எவ்வளவு கொம்பு வைத்திருந்தாலும் நீள வீட்டுக்கு ஆகாது. கட்டுக்கு ஒரு டப்பா வேண்டும், மூன்றும் ஒரே பெயரில் பேச வேண்டும், நான் போனோடு நடக்கும்போது ஒன்று இன்னொன்றிடம் என்னை ஒப்படைக்க வேண்டும். இதுதான் மெஷ். எக்ஸ்டெண்டர் என்று மலிவாக விற்பதை வாங்கிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். அதில் பெரும்பாலும் பின்கட்டுக்கு வேறு பெயர் இருக்கும், போனும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

இனி ரீஃபர்பிஷ்டு விஷயத்துக்கு வருகிறேன். "பழசா? எலக்ட்ரானிக்ஸ்லயா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். சிவகாசியில் ஓடுகிற ஆஃப்செட் மெஷின்களைப் போய்ப் பாருங்கள். ஹைடல்பெர்க், கொமோரி என்று வெளிநாட்டு அச்சகங்களில் ஓடி, கை மாறி, கப்பலேறி வந்தவை எத்தனை! வாங்கும்போது முதலாளி மெஷினின் பெயின்டைப் பார்ப்பதில்லை. எத்தனை இம்ப்ரஷன் ஓடியிருக்கிறது, ரோலர் எப்படி, உதிரி கிடைக்குமா என்றுதான் கேட்பார். ரூட்டரும் அப்படித்தான். சுழல்கிற பாகம் எதுவும் உள்ளே இல்லை. தேய்வதென்றால் அடாப்டரும், சூட்டில் கிடந்த சில உதிரிகளும், லேன் கேபிள் சொருகுகிற போர்ட்டும்தான். மற்றபடி, மூன்று வருஷம் ஓடிய டப்பா இன்னும் மூன்று வருஷம் ஓடாமலிருக்கப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

100 எம்பிபிஎஸ் பிளானுக்கு வைஃபை 7 எதற்கு என்றும் யோசித்தேன். எம்4 பழைய வைஃபை 5 தலைமுறைதான். காகிதக் கணக்கில் 5 கிகாஹெர்ட்ஸில் 867, 2.4-ல் 300 எம்பிபிஎஸ். நிஜத்தில் அதில் பாதி கிடைத்தாலும் என் பிளானை விட அது பல மடங்கு. ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு கிகாபிட் போர்ட். இதன் தம்பி இ4 இன்னும் மலிவு, ஆனால் அதில் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். இன்றைக்குப் போதும், நாளைக்கு 200-க்குப் போனால் இடிக்கும். எக்ஸ்20 என்றால் வைஃபை 6, விலை ஏறிவிடுகிறது. நெட்கியரின் பழைய ஆர்பி ஆர்பிகே50-ஐயும் ஆசையாகப் பார்த்தேன். டப்பாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே தனி 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்திருக்கிற ராட்சசன் அது. கேபிள் இழுக்கவே முடியாத வீடு என்றால் அதைத் தேடுங்கள் என்பேன். எனக்குக் கேபிள் இழுக்க வழி இருந்ததால் எம்4 போதும் என்று முடிவெடுத்தேன்.

வாங்கியது சென்னை ரிச்சி தெருவில். அந்தத் தெருவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். கூட்டத்தில் நசுங்கி ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தால், கண்ணாடி மேஜைமேல் மூன்று வெள்ளை உருளைகள், தலையில் கறுப்புத் தொப்பி, ஒவ்வொன்றும் சுமார் 19 சென்டிமீட்டர் உயரம். தண்ணீர் பாட்டில் போல இருந்தன.

"சார், ஃபுல் செட். டெஸ்ட் பண்ணி வச்சிருக்கு. ஆறு மாசம் வாரண்டி, பில் போட்டுத் தரேன்."

"நம்ம முன்னாடி ஒருதரம் ரீசெட் போட்டுக் காட்டுங்க தம்பி."

முகம் சற்று மாறியது, ஆனால் மறுக்கவில்லை. சிம் ஊசியை எடுத்து அடியிலிருக்கும் துளையில் குத்தினார். விளக்கு மஞ்சளாகத் துடித்தது. கொஞ்ச நேரத்தில் நீலமாகத் துடிக்க ஆரம்பித்தது. நீலம் துடித்தால் டப்பா பழசையெல்லாம் மறந்து புது முதலாளிக்குத் தயார் என்று அர்த்தம். கடையின் இணைப்பிலேயே கேபிளைச் சொருகி, என் போனில் டெகோ ஆப்பை இறக்கி, செட்டப்பைக் கடைசி வரை ஓட்டினேன். பச்சை விளக்கு எரிந்தபோது வாய்விட்டு "அப்பாடா" என்றேன். கடைக்காரத் தம்பி சிரித்துவிட்டார். இந்தப் பச்சையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். முந்தைய ஆள் தன் கணக்கிலிருந்து நீக்காவிட்டால் சில கம்பெனிப் பெட்டிகள் அடுத்தவரை ஏற்காது. ஈரோ இதில் ரொம்பக் கறார்.

ஒவ்வொரு போர்ட்டிலும் கேபிளைச் சொருகி லேசாக ஆட்டிப் பார்த்தேன். ஒரு டப்பாவில் ஒரு போர்ட் ஆடியது. பேசாமல் மாற்றிக் கொடுத்தார். அடாப்டர்களில் ஒன்று வேறு கம்பெனி. 12 வோல்ட்தானா, ஆம்பியர் அசலுக்குக் குறையாமல் இருக்கிறதா, பிஐஎஸ்-இன் ஆர் எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். மூன்றில் ஒரு டப்பாவின் லேபிளில் வேறு ஹார்ட்வேர் வெர்ஷன் இருந்தது. டெகோவில் மாடலே வேறாக இருந்தாலும் சேர்ந்து ஓடும் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் கம்பெனி அந்த மாடலுக்கு இன்னும் ஃபர்ம்வேர் அப்டேட் தருகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். கூகுள் 2015-ல் கொண்டுவந்த ஆன்ஹப் ரூட்டருக்கு 2023 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யாருக்கு வேண்டும்?

ஊருக்கு வந்து மாட்டியதுதான் திருவிழா! எலக்ட்ரீசியன் அண்ணாச்சி பட்டாசாலைச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தச் சுவத்துல ஓட்டை போடணுமா? என்கிட்ட இருக்கிற பிட்டு பாதிகூடப் போகாது. பழைய சுண்ணாம்பு வேற, பொலபொலன்னு கொட்டும்."

"வேற வழி?"

"வாசலுக்கு வாசல் நேராத்தானே இருக்கு. நிலைக்கு மேல கொண்டு போயிருவோம்."

அவர் கேபிளுக்குச் சொன்ன யோசனை எனக்கு வைஃபைக்கே வழி காட்டிவிட்டது. நம் பழைய வீடுகளில் தெருவாசலில் நின்று பார்த்தால் புறவாசல் தெரியும். ஒரே கோட்டில் நிலைகள். அந்தக் கோட்டில் சுவரே இல்லை, வெறும் கதவுகள்தான்! தேக்குக் கதவு சாத்தியிருந்தாலும் செங்கல் சுவர் அளவுக்கு அலையைத் தின்பதில்லை. ஆகவே டப்பாக்களை மூலையில் ஒளிக்காமல் அந்த நேர்கோட்டிலேயே வைத்தோம். முதல் டப்பா பட்டாசாலையில், மோடத்துக்குப் பக்கத்தில். இரண்டாவது முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், சாரல் படாத பலகைமேல். அங்கிருந்து முன்கட்டும் தெரிகிறது, பின்கட்டும் தெரிகிறது, மாடிப்படியும் தெரிகிறது. மூன்றாவது அடுப்படிக்கும் என் அறைக்கும் நடுவில். அங்கே முதலில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. பீரோவை அடுத்த சுவருக்குத் தள்ளச் சொன்னேன். இரும்பும் அதில் பதித்த நிலைக்கண்ணாடியும் அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். அம்மா கேட்டார்: "டப்பாவுக்காக பீரோவைத் தள்றதா?" தள்ளினோம்.

முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கேட் 6 லேன் கேபிள். நல்ல செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தில் செம்பு பூசியதை அதே விலைக்குத் தலையில் கட்டுவார்கள். சொருகியதும் டெகோ தானாகவே புரிந்துகொண்டு கேபிள் வழியே பேச ஆரம்பித்துவிடுகிறது. தாழ்வாரத்தில் 90-க்கு மேல், பட்டாசாலையில் கிடைப்பதேதான். மூன்றாவதற்குக் கேபிள் இழுக்கவில்லை, காற்றில்தான் பேசுகிறது. ஒரே ரேடியோ இரண்டாவதோடும் என் லேப்டாப்போடும் மாறி மாறிப் பேச வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். என் அறையில் 45 வருகிறது. முன்பு சைபர் வந்த இடத்தில் 45!

மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டு, டெகோவை ஆக்சஸ் பாயின்ட் முறையில் போட்டேன். இணைப்புத் தருகிறவரின் யூசர்நேம், பாஸ்வேர்டு எதையும் தொட வேண்டியதில்லை, பிரின்டரும் டிவியும் ஒரே வலையில் இருக்கின்றன. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு மோடத்துக்கும் முதல் டப்பாவுக்கும் மினி யுபிஎஸ், மற்ற இரண்டும் இன்வெர்ட்டர் லைனில்.

இப்போது அம்மாவின் வீடியோ தாளிப்பைத் தாண்டி இறக்கி வைக்கிற வரை ஓடுகிறது. சிங்கப்பூரிலிருக்கும் அத்தையோடு பேசிக்கொண்டே தெருவாசலிலிருந்து கிணற்றடி வரை நடந்து காட்டினேன். டப்பாக்கள் என்னைக் கைமாற்றியது அத்தைக்குத் தெரியவே இல்லை. திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அலுவலகத்துக்கு இதே செட்டைத் தேட ஆரம்பித்திருக்கிறார். பட்டாசு ஆலை நடத்தும் இன்னொருவரும் ஆசைப்பட்டார். "டவுன் ஆபீஸுக்கு வாங்குங்க, ஆலைக்குள்ள வேண்டாம்" என்றேன். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்தில் இதற்கு என்ன வேலை?

இரண்டு அறை அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இதற்குச் செலவழிக்காதீர்கள், மோடத்தை ஹாலின் நடுவுக்கு நகர்த்தினாலே போதும். கட்டுக் கட்டாக நீளும் வீடு உங்களுடையது என்றால் ரீஃபர்பிஷ்டு எம்4 மூன்று வாங்குங்கள், புதுசுக்கும் இதற்குமான விலை வித்தியாசத்தில் நல்ல செம்புக் கேபிளும் மினி யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது ஒரு சிம் ஊசியும் ஒரு லேன் கேபிளும் பையில் இருக்கட்டும்.