வாற்செட்டையும் வனப்பும்

அழகு என்பது பொருளின்கண் உள்ளதோ, காண்பான் உள்ளத்தின்கண் உள்ளதோ என்னும் வினா தொன்மையானது. கவிதை, சிற்பம், கட்டடம் என்பனவற்றை வைத்து இவ்வினாவை ஆராய்ந்தோர் பலர். ஆலையிலே ஆயிரக்கணக்கிற் செய்யப்படும் மோட்டார் வண்டியை வைத்து ஆராய்ந்தோர் சிலரே. ஆயினும், இருபதாம் நூற்றாண்டிலே கற்றோரையும் மற்றோரையும் ஒருங்கே இருகூறாக்கிய பொருள்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவிலே 1959ஆம் ஆண்டுக்கெனச் செய்யப்பட்ட கடிலக் வண்டியாகும். அதனை அழகின் உச்சம் என்பாரும் உளர். அருவருப்பின் எல்லை என்பாரும் உளர். இவ்விரு கூற்றுள் எது பொருந்தும், எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் வண்டியின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். அதன் நீளம் 225 அங்குலம், அஃதாவது 18 அடி 9 அங்குலம். அதன் நிறை ஏறத்தாழ 5,000 இறாத்தல். முகப்பிலே நான்கு விளக்குகள். அவற்றிடையே குரோமியம் பூசிய அகன்ற வலைச் சட்டம். இவையெல்லாம் அக்காலத்துப் பிற வண்டிகளிலும் ஓரளவு காணப்படுவனவே. இதனைப் பிறவற்றினின்று பிரித்து நிறுத்துவன பின்புறத்தே இருமருங்கும் மீனின் செட்டைபோல் எழுந்து நிற்கும் தகட்டு வாற்செட்டைகள். கடிலக் வரலாற்றிலே அவற்றினும் உயர்ந்த செட்டைகள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒவ்வொன்றிலும் துப்பாக்கிக் குண்டின் வடிவில் இவ்விரண்டு செவ்விளக்குகள் பொருத்தப்பட்டுள்ளன. வழக்கு முழுவதும் இச்செட்டைகளைப் பற்றியதே எனலாம்.

இச்செட்டை ஒரே நாளில் முளைத்ததன்று. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் 1927ஆம் ஆண்டு தொடங்கி வடிவமைப்புப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் ஹார்லி ஏர்ள். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே இவரும் இவர்தம் உதவியாளரும் லொக்ஹீட் நிறுவனத்தின் பி-38 என்னும் இரட்டைவால் போர்விமானத்தைக் கண்டனர். அதன் சாயலை 1948ஆம் ஆண்டுக் கடிலக் வண்டியின் வாலிலே சிறு புடைப்பாக அமைத்தனர். அஃது அடக்கமானதொரு குறிப்பு. வண்டியைக் கண்டவர் விமானத்தை நினைந்தாற் போதும் என்ற அளவினது. பின்னர்ப் போட்டி புகுந்தது. வேர்ஜில் எக்ஸ்னர் என்பார் வகுத்த வடிவங்களோடு கிறைஸ்லர் நிறுவனம் 1957ஆம் ஆண்டுக்கென நெடிய செட்டை வண்டிகளைச் செய்தது. அவற்றை 1956இலே கண்ட ஜெனரல் மோட்டர்ஸ் வரைஞர், தாம் 1959க்கெனத் தீட்டிவந்த வடிவங்களைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கினர். அதன் பயனே இவ்வண்டி. அடுத்த ஆண்டிலேயே செட்டை தாழத் தொடங்கிற்று; 1965ஆம் ஆண்டு வண்டிகளில் அது மறைந்தது.

இவ்வண்டியை இகழ்வோர் கூறும் காரணங்கள் மூன்று. ஒன்று, செட்டையாற் பயனில்லை என்பது. வடிவம் பயனைத் தொடர்ந்து வருதல் வேண்டும் என்னும் கொள்கையை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சலிவன் 1896இலே நிலைநாட்டினார். அக்கொள்கை வழி வந்தோர்க்குப் பறவாத வண்டிக்கு வால் எதற்கு என்பதே கேள்வி. இரண்டாவது, மிகை. வடிவமைப்பிற் பெரும்புகழ் பெற்ற றேமண்ட் லோவி, 1955இல் எழுதிய கட்டுரையொன்றிலே அமெரிக்க வண்டிகளைக் காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் மின்னொளிப் பெட்டிக்கு ஒப்பிட்டுச் சாடினார். மூன்றாவது, நோக்கத்தின் இழிவு. ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றிச் சென்ற ஆண்டு வண்டியை அதன் உடையவன் கண்ணுக்கே பழையதாக்குவது, அல்பிரட் சுலோன் தலைமையில் அந்நிறுவனம் கைக்கொண்ட வாணிப முறை. விற்பனைக்காகவே பிறந்தது, ஓராண்டிற்குமேல் வாழவேண்டா என்று அதனைச் செய்தோராலேயே கருதப்பட்டது, எங்ஙனம் அழகாகும் என்பர் இவர்.

முதலாவது காரணம் உறுதியுடையதன்று. நியூயோர்க் நகரிலே 1930இல் முடிவுற்ற கிறைஸ்லர் கட்டடத்தின் உச்சியிலுள்ள எஃகுக் கூம்பில் எவரும் வாழ்வதில்லை. வேறொரு கட்டடத்தை உயரத்தில் வெல்லுதற்கென்றே அஃது ஏற்றப்பட்டது. பயனின்மையும் போட்டியும் வாணிபமும் ஒருங்கே சேர்ந்து பெற்ற பிள்ளை அக்கூம்பு. ஆயினும் அதனை அழகற்றது என்பார் அரியர். இதனால் மூன்றாவது காரணமும் தளர்கின்றது. பொருள் பிறந்த நோக்கம் வேறு; பிறந்தபின் அது பெற்றுள்ள வடிவம் வேறு. பரிசில் வேண்டிப் பாடிய புலவன் பாட்டெல்லாம் பரிசில் வேண்டிய காரணத்தாற் பாட்டாகாதொழிவதில்லை.

புகழ்வோர் கூற்றும் ஆராயத்தக்கதே. ஆங்கிலத் திறனாய்வாளர் றெயினர் பான்ஹாம் 1955இலே ஒரு கருத்தை முன்வைத்தார். மோட்டார் வண்டி நெடுங்காலம் நிற்கவேண்டிய கோயிலன்று. பயன்படுத்திக் கழிக்கப்படும் பொருள். ஆதலின், கோயிலை அளக்கும் கோலால் அதனை அளத்தல் தகாது. மக்கள் விழைவை எத்துணைத் தெளிவாக அது உருவாக்கிக் காட்டுகின்றது என்பதே அளவாதல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இது நுண்ணிய கருத்தே. ஆயினும் காலம் இதற்கு மாறாயிற்று. கழிக்கப்படவேண்டிய வண்டி கழிக்கப்படவில்லை. 1974ஆம் ஆண்டிலே டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரருகே கலைஞர் குழுவொன்று பத்துக் கடிலக் வண்டிகளைத் தலைகீழாக நிலத்திற் புதைத்து, வால்கள் வானை நோக்கி நிற்குமாறு அமைத்தது. 2008இல் 1959ஆம் ஆண்டுக் கடிலக் வண்டியின் உருவம் அமெரிக்க அஞ்சல் முத்திரையிலும் இடம்பெற்றது. இவற்றைக் காட்டி, காலமே அழகென்று தீர்ப்பளித்துவிட்டது என்பர் சிலர். அதுவும் பொருந்தாது. பழமையின் மீது எழும் ஏக்கம் வேறு, அழகுணர்ச்சி வேறு. இளமைக்காலத்து வீட்டை ஒருவன் விரும்புவது அவ்வீட்டின் அழகுக்குச் சான்றாகாது.

எஞ்சி நிற்பது மிகை என்னும் குற்றச்சாட்டே. வழக்கின் உயிர்நிலை இதுதான். இதனைத் தீர்ப்பதற்குத் தமிழ் அணியிலக்கணம் பெரிதும் துணைசெய்யும். தண்டியலங்காரம் செய்யுள் நெறியை வைதருப்பம், கௌடம் என இரண்டாகப் பகுக்கின்றது. செறிவு, தெளிவு முதலிய பத்துக் குணங்களையும் உயிராகக் கொள்வது வைதருப்பம். அவற்றுட் பலவற்றில் வேறுபட்டுச் செல்வது கௌடம். அப்பத்தனுள் ஒன்றாகிய காந்தம் என்னும் குணம் ஈண்டுக் கருதத்தக்கது. ஒன்றனை உயர்த்திப் புகழுங்கால் உலக ஒழுக்கின் எல்லையைக் கடவாது புகழ்தல் வைதருப்பர் கொள்கை. அவ்வெல்லையைக் கடந்தும் புகழ்தல் கௌடர் கொள்கை. மாடம் உயர்ந்தது என்பதோடு அமைவோன் ஒருவன்; மாடம் மதியத்தின் வயிற்றைக் கிழித்தது என்போன் மற்றொருவன்.

றேமண்ட் லோவியின் வடிவமைப்பகத்தில் உருவாகிய 1953ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் வண்டி வைதருப்ப நெறியது. தாழ்ந்த உடல், அளவான குரோமியம், தடையின்றி ஓடும் கோடு என்பன அதன் குணங்கள். 1959ஆம் ஆண்டுக் கடிலக் கௌட நெறியது. வைதருப்பன் கௌடனைக் கௌடனாயிருந்த குற்றத்திற்காகத் தண்டித்தல் நீதியன்று. மிகை எனும் ஒன்றையே குற்றமாக்கின், பரணி நூல்களிற் பேய்கள் கூழ் அடும் பகுதியனைத்தையும் நீக்கிவிடல் வேண்டும். ஆதலின் கேட்கத்தக்க வினா, மிகை உண்டா என்பதன்று. அம்மிகை எதனை மிகுவிக்கின்றது, அதனை ஒருமைப்பாட்டோடு மிகுவிக்கின்றதா என்பதேயாகும்.

இவ்வினாவோடு வண்டியைப் பக்கவாட்டில் நின்று நோக்குக. முன்விளக்கின் மேலிருந்து எழும் கோடு கதவுகளைக் கடந்து நெடுந்தூரம் தாழ்ந்து ஓடி, பின்சக்கரத்தின் மேலே மெல்ல உயர்ந்து, செட்டையின் நுனியிற் கூர்மையாக முடிகின்றது. பதினெட்டு அடிக்கு மேற்பட்ட நீளம் முழுவதும் அம்முடிவை நோக்கியே செல்கின்றது. வண்டி நிற்கும்போதும் விரைவதுபோலத் தோன்றுவது இதனாலாகும். 1948இல் உவமையாயிருந்த விமானம் இங்கே அதிசய அணியாயிற்று. உயர்வு மிகப் பெரிது. ஆனால் உயர்த்தப்படும் பொருள் ஒன்றே, அது பறத்தல். செவ்விளக்குகளும் பின்னே உமிழப்படும் தீயின் சாயலாய் அப்பொருளுக்கே துணைநிற்கின்றன. கௌட நெறியில் இதனை நிறைவுடைய அழகு என்று கொள்ளத் தடையில்லை.

இனிப் பின்புறம் சென்று நோக்குக. அங்கே, முகப்பிலுள்ள வலைச் சட்டத்தைப் போன்றே குரோமியப் புடைப்புகள் நிறைந்த மற்றொரு வலைச் சட்டம் வண்டியின் அகலம் முழுவதும் பரந்து கிடக்கின்றது. முன்வலை காற்றை எஞ்சினுக்குச் செலுத்துவது. பின்வலையில் எக்காற்றும் புகவேண்டுவதில்லை. பயனின்மை பற்றி இதனை இகழ்தல் வேண்டா. பொருள் முரண் பற்றியே இகழ்தல் வேண்டும். உடற்கோடு முழுவதும் முன் எது, பின் எது என்று முழங்கிச் செல்ல, இவ்வலை முன்னும் பின்னும் ஒன்றே என்கின்றது. தண்டியலங்காரம் செய்யுட்கு வகுத்த வழுக்களுள் மொழிந்தது மொழிவு என்பதும் மாறுபடு பொருண்மொழி என்பதும் உள. இவ்விரண்டும் இப்பின்புறத்தில் ஒருங்கே அமைந்தன. வண்டியின் அழகு பிழைபட்ட இடம் செட்டையன்று, இவ்வலையே. ஆனால் இகழ்ந்தோர் பெரும்பாலும் செட்டையையே இகழ்ந்தனர்.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். றால்ப் நேடர் 1965இல் வெளியிட்ட நூலிலே, கூரிய செட்டைகள் தெருவிற் செல்வோர்க்கு ஊறு செய்தமையைச் சான்றுகளோடு எடுத்துக்காட்டினார். இக்குற்றம் மிகக் கொடியது. எவ்வழகும் இதனை ஈடுசெய்ய வல்லதன்று. ஆயினும் இஃது அறத்தின்பாற்பட்ட குற்றம். அழகிற் குற்றங் காணுதற்கு அறத்தைச் சான்றாக அழைப்பதும், அறக்குற்றத்தை மறைத்தற்கு அழகைத் திரையாக்குவதும் ஒருபடித்தான பிழைகளே. வாள் அழகியதாயிருத்தலும் கூடும். அவ்வாளைக் குழந்தைகள் ஓடியாடும் முற்றத்திலே வைத்தல் கூடாது.

ஆகவே, 1959ஆம் ஆண்டுக் கடிலக் வண்டி முற்றும் அழகியதுமன்று, முற்றும் அழகற்றதுமன்று. அதன் செட்டை கௌட நெறியில் எழுந்த உண்மையான அணி. அதன் பின்வலை எந்நெறியிலும் பொருந்தாத வழு. அதன் கூர்மை செய்தோரின் அறக்குறை. இம்மூன்றையும் பிரித்தறியாது ஒருசொல்லாற் புகழ்தலும் ஒருசொல்லால் இகழ்தலும் எளிய செயல்கள். நெறியறிந்து, அந்நெறியின் அளவுகோலாலேயே அளந்து, பின்னர்த் தீர்ப்புக் கூறுவதே திறனாய்வாளன் கடன். செய்யுளுக்கென முன்னோர் வகுத்த அவ்வளவுகோல், அவர் கனவிலுங் காணாத உருக்குத் தகட்டையும் அளக்கப் பயன்படுதல் அணியிலக்கணத்தின் பெருமைக்கு ஒரு சான்றாகும்.