அன்மையும் இன்மையும்

சைவ நுண்பொருள்களை எளிய உரைநடையில் எழுதி வெளியிடுவோர் இக்காலத்துப் பலராயினர். அவர்தம் தொண்டு போற்றற்குரியது. எனினும், அவருட் சிலர் எழுத்தில் ஒரு வழு அடிக்கடி காணப்படுகின்றது. 'அன்று', 'அல்லன்' என நிற்றற்குரிய இடங்களில் 'இல்லை' என்று எழுதுகின்றனர். வேறு சிலர் எவ்விடத்தும் 'அல்ல' என்றே முடிக்கின்றனர். இது சிறு பிழையென விடத்தக்கதன்று.

'பேழையிற் பொன் இல்லை' என்புழிப் பொன்னினது இன்மை கூறப்பட்டது. 'இம்மோதிரம் பொன் அன்று' என்புழி மோதிரமும் உண்டு, பொன்னும் உண்டு. இஃது அதுவாகாமை மாத்திரையே கூறப்பட்டது. முன்னது இன்மை, பின்னது அன்மை. 'இல்லை' என்னும் முடிபு ஐம்பாற்கும் மூவிடத்திற்கும் பொதுவென நன்னூலார் விதித்தார். 'அல்ல' என்பதோ அஃறிணைப் பன்மைக்கே உரியது. ஆகலின், 'உயிர் இறைவன் அன்று', 'உயிர்கள் இறைவன் அல்ல', 'இறைவன் உயிர் அல்லன்', 'யான் உடம்பு அல்லேன்' என எழுதுதலே முறை. 'ஆன்மா சிவம் இல்லை' என ஒருவர் எழுதின், அவ்விரண்டும் இல்பொருளோ எனக் கற்பார் மயங்குவர்.

இவ்வேறுபாடு நம் சித்தாந்தத்திற்கு உயிர்நாடியாதலை நோக்குக. வடசொற்களின் முதலில் வரும் எதிர்மறை அகரம் மூன்று பொருள்படும். 'அரூபம்' என்பதில் இன்மை. 'அசித்து' என்பதில் அன்மை. 'அதருமம்' என்பதில் மறுதலை. இனி, 'அத்துவிதம்' என்பதில் அகரத்திற்கு இன்மைப்பொருள் கொள்ளின், இரண்டாவதொரு பொருளே இல்லையென்றாகி ஏகான்மவாதம் புகும். வழிபடும் உயிரும் வழிபாடும் உடன் ஒழியும். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திர வார்த்திகத்தில், அச்சொல் ஏகமெனப் பொருள்படாமையை விளக்கியருளினார். அகரம் அன்மைப்பொருட்டென மாபாடியம் தெளிவித்தது. இறையும் உயிரும் பொருளால் இரண்டாயினும், பிரிவின்றி நிற்றலால் இரண்டல்ல என்பதே கருத்து.

'பேச்சுவழக்கில் 'இல்லை' என்பதே இரண்டற்கும் வழங்குகின்றதே. வழக்கைப் பின்பற்றினாற் குற்றம் என்னை?' எனின், கூறுதும். கடைத்தெருவில் மோதிரத்தைக் காட்டி, 'இது பொன் இல்லை' என்றால், இடமும் பொருளும் நோக்கிக் கேட்போன் உணர்ந்துகொள்வான். சாத்திரப் பொருளோ கைக்காட்டிச் சுட்டப்படுவதன்று. சொல் ஒன்றே அதற்குக் கருவி. கருவி மழுங்கின் பொருளும் மறையும். பேச்சிற்கு அவ்வழக்கு இருக்க. கொள்கை நிறுவும் எழுத்திற்கு அது பொருந்தாது.

சங்கரநமச்சிவாயரது நன்னூல் விருத்தியுரையைத் திருத்தியவரும், மாபாடியம் இயற்றியவரும், 1785-ல் சிவபரிபூரணம் எய்திய சிவஞான முனிவர் ஒருவரே. இலக்கணம் வேறு, சமயம் வேறு என எண்ணுவார்க்கு அம்முனிவர் வாழ்வே விடையாம். ஆதலின், சித்தாந்தம் எழுதப் புகுவோர் 'இல்லை' என எழுதுமுன், தாம் கூறக்கருதியது இன்மையோ அன்மையோ என ஒருகால் ஆராய்வாராக. அவ்வாராய்ச்சியே சித்தாந்தக் கல்விக்கு முதற்படியும் ஆகும்.