கோட்டில் தெரியும் கை: ஈ.சி. காமிக்ஸும் அதன் ஓவியர்களும்

பழைய அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்களைச் சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் நாயகர்களைப் பின்தொடர்பவர்கள். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938ஆம் ஆண்டின் ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழுக்கும், ஸ்பைடர்மேன் அறிமுகமான 1962ஆம் ஆண்டின் ‘அமேசிங் ஃபேன்டசி’ 15ஆம் இதழுக்கும் ஏலத்தில் கிடைக்கும் பெருந்தொகை அந்த நாயகர்களின் புகழுக்குத் தரப்படும் விலையே ஆகும். இவர்களினின்று வேறுபட்ட சிறு கூட்டம் ஒன்று ஓவியரின் கையைத் தேடிச் செல்கிறது. நிரந்தர நாயகன் என ஒருவரும் இல்லாமல், 1950 முதல் 1956 வரை கதைக்குக் கதை புதிய மாந்தரை வைத்தே நடத்தப்பட்ட ஈ.சி. நிறுவனத்தின் இதழ்கள் அக்கூட்டத்தாருக்குத் தலையாய செல்வமாக இருந்துவருகின்றன. நாயகன் இல்லாத இடத்தில் வாசகனின் கண் ஓவியரிடமே சென்று நிற்கும் என்பது அதற்கு முதற்காரணம்.

விவிலியக் கதைகளையும் வரலாற்றையும் சித்திரங்களாக்கிச் சிறுவருக்குத் தரும் நோக்குடன் மேக்ஸ் கெய்ன்ஸ் 1940களின் நடுவில் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் இது. அவர் 1947இல் படகு விபத்தில் இறந்துபோக, காமிக்ஸில் பெரிய நாட்டமில்லாத அவருடைய மகன் வில்லியம் கெய்ன்ஸ் 25 வயதில் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு ஓவியரும் எழுத்தாளருமான ஆல் ஃபெல்ட்ஸ்டீன் வந்து சேர்ந்தார். சிறுவயதில் வானொலியில் கேட்ட திகில் நாடகங்களின் சுவையை அச்சில் கொண்டுவர இருவரும் விரும்பியதன் விளைவாக, 1950இல் ‘டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்’, ‘தி வால்ட் ஆஃப் ஹாரர்’, ‘தி ஹான்ட் ஆஃப் ஃபியர்’ என்னும் மூன்று திகில் இதழ்களும், ‘வியர்ட் சயின்ஸ்’, ‘வியர்ட் ஃபேன்டசி’ என்னும் இரண்டு அறிவியல் புனைவு இதழ்களும் உருப்பெற்றன. குற்றக்கதை, போர்க்கதை, நையாண்டி ஆகியவற்றுக்கான இதழ்கள் தொடர்ந்து வந்தன. விலை பத்து சென்ட். பெரும்பாலும் இரு மாதங்களுக்கு ஓர் இதழ். ஓர் இதழில் ஆறு முதல் எட்டுப் பக்கங்கள் கொண்ட நான்கு கதைகள் என்பதே பொதுவான அமைப்பு.

இந்நிறுவனத்தின் வேலைமுறை வினோதமானது. கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் சேர்ந்து கதையை முடிவுசெய்தபின், ஃபெல்ட்ஸ்டீன் அதனை ஓவிய அட்டையின் மீதே கட்டம் பிரித்து எழுதிவிடுவார். கட்டிடப் பொறியாளர்கள் வரைபடங்களில் எழுத்துப் பொறிக்கப் பயன்படுத்திய லெராய் என்னும் அச்சுச்சட்டத்தைக் கொண்டு அவ்வரிகள் மையிடப்படும். அதன் பின்னரே அட்டை ஓவியரிடம் செல்லும். ஆகவே கட்டத்தின் மேற்பகுதியைச் சொற்கள் அடைத்துக்கொண்டிருக்க, எஞ்சிய இடத்தில் தன் திறமையைக் காட்ட வேண்டிய நெருக்கடி ஓவியருக்கு இருந்தது. அதற்கு ஈடாக வேறெங்கும் எளிதில் கிடைக்காத மதிப்பு ஒன்று அவருக்குக் கிடைத்தது. நிறுவனத்துக்கெனப் பொதுப்பாணி ஒன்றை வகுத்து எல்லாரையும் அதற்குள் அடக்குவது அக்காலப் பதிப்பகங்கள் பலவற்றின் வழக்கமாயிருக்க, ஈ.சி.யோ ஒவ்வோர் ஓவியரின் இயல்பையும் பார்த்து அதற்குப் பொருந்தும் கதையை எழுதித் தந்தது, கையெழுத்திட விட்டது, அவர்களைப் பற்றிய ஒருபக்க அறிமுகங்களையும் இதழ்களில் வெளியிட்டது.

இதன் பயனைத் திகில் இதழ்களிலேயே காணலாம். கோரம் என்று பொருள்படும் ‘கேஸ்ட்லி’ என்ற பெயரில் கையெழுத்திட்ட கிரஹாம் இங்கெல்ஸின் பக்கங்களில் எதுவும் நேராக நிற்பதில்லை. வீடுகள் சாய்கின்றன, விரல்கள் முறுகுகின்றன, திறந்த வாய்களில் எச்சில் நூலாக இழிகிறது, தூரிகையின் ஈரம் அழுகலின் ஈரமாகவே மாறிவிடுகிறது. ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த ஜாக் டேவிஸின் கோடு வேகமும் கேலியும் கலந்தது. பெரிய பாதங்களும் கசங்கிய உடைகளுமாக அவர் வரையும் நாட்டுப்புற மாந்தர் பயமுறுத்துகையிலும் சிரிப்பூட்டுவர். தம் கதைகளைத் தாமே எழுதிய ஜானி கிரெய்க் இவ்விருவருக்கும் நேர் எதிரானவர். துப்புரவான கோடு, அளந்து வைத்த நிழல், ஒழுங்கான வரவேற்பறை என எல்லாம் அமைதியாகத் தோன்றும் அவருடைய கட்டங்களில், அந்த ஒழுங்குக்குள் நிகழும் கொலை இருமடங்கு அதிர்ச்சி தருகிறது. பெயரை மறைத்துவிட்டு ஒரே ஒரு கட்டத்தைக் காட்டினாலும் இம்மூவரையும் பிரித்தறிந்துவிட முடியும், ஈ.சி. ரசிகரின் முதற்பயிற்சியும் அதுவே.

அறிவியல் புனைவு இதழ்களில் முதலிடம் வாலஸ் வுட்டுக்கு உரியது. விண்கலத்தின் உட்புறத்தைக் குழாய், விசை, மானி என ஓர் அங்குலமும் விடாமல் அவர் நிரப்பினாலும் கண் தடுமாறுவதில்லை. ஒரே முகத்தின் இருபுறமும் இரண்டு திசைகளிலிருந்து ஒளி விழுமாறு அமைத்து, நடுவில் கருமையைத் தேக்கி, உருவத்தைப் பின்னணியினின்று பிரித்தெடுக்கும் உத்தி அவருக்குக் கைவந்தது. 1953இல் வந்த ‘வியர்ட் சயின்ஸ்’ 22ஆம் இதழின் ‘மை வேர்ல்ட்’ அறிவியல் புனைவு ஓவியனின் உலகையே பொருளாகக் கொண்டு அவருக்காக எழுதப்பட்ட கதையாகும். மெல்லிய பேனாக் கோட்டால் வேற்றுக்கிரகக் காடுகளைப் படைத்த ஆல் வில்லியம்சனும், அவருக்கு அவ்வப்போது துணைநின்ற ஃபிராங்க் ஃப்ரஸெட்டாவும் மற்றொரு வகை அழகைக் கொணர்ந்தனர். ‘வியர்ட் சயின்ஸ்-ஃபேன்டசி’ 29ஆம் இதழுக்கு ஃப்ரஸெட்டா வரைந்த அட்டைப்படம் அக்காலக் காமிக்ஸ் அட்டைகளில் உச்சமானது என்று பலராலும் கருதப்படுகிறது.

போர் இதழ்களான ‘டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்’, ‘ஃப்ரன்ட்லைன் காம்பாட்’ ஆகியவற்றின் ஆசிரியர் ஹார்வி குர்ட்ஸ்மன். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த அந்நாளில், போரை வீரவிளையாட்டாகக் காட்ட மறுத்த அவர், துப்பாக்கியின் வகையையும் சீருடையின் பொத்தானையும் தேடிச் சரிபார்த்ததோடு, ஒவ்வொரு கதைக்கும் கட்ட அமைப்பைத் தாமே வரைந்து கொடுத்து அதனைப் பிறர் மீறாதபடி பார்த்துக்கொண்டார். ஓவியரின் கையைக் கட்டுவதாகத் தோன்றும் இம்முறையிலும் ஜான் செவரினின் நுணுக்கமும் டேவிஸின் புழுதியும் தம் அடையாளத்தை இழக்கவில்லை. குர்ட்ஸ்மன் தாமே வரைந்த ‘கார்ப்ஸ் ஆன் தி இம்ஜின்’ கதையில், ஆற்றுநீரில் ஒருவனை மற்றொருவன் அமுக்கிக் கொல்லும் காட்சி, தடித்த கோடுகளில், விவரங்களையெல்லாம் உதிர்த்துவிட்டு, கட்டத்துக்குக் கட்டம் ஒரே அசைவை வளர்த்துக்கொண்டு செல்கிறது. வெற்றி என்னும் எண்ணத்துக்கே அங்கு இடமில்லை.

கட்டப் பகுப்பையே கலையாக்கியவர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன். 1955இல் வந்த ‘இம்பாக்ட்’ முதல் இதழின் ‘மாஸ்டர் ரேஸ்’, நாஜி வதைமுகாமின் முன்னாள் தலைவன் ஒருவன் நியூயார்க் சுரங்க ரயிலில் பழைய முகம் ஒன்றைக் கண்டு மிரண்டு ஓடும் கதை. ஆறு பக்கங்களுக்கென எழுதி வந்ததைக் கிரிக்ஸ்டீன் வாதாடி எட்டுப் பக்கங்களாக விரித்து, எழுத்துகளை வெட்டி ஒட்டி, கட்டங்களைக் குறுகிய பட்டைகளாகப் பிளந்தார். கடந்து செல்லும் ரயிலின் சன்னல்களில் ஒரே முகம் பலமுறை திரும்பி வருவதும், தண்டவாளத்தை நோக்கி விழுபவனின் ஒரு நொடி பல நொடிகளாக நீள்வதும் அதனால் சாத்தியமாயின. காலத்தை இடமாக மாற்றும் ஆற்றல் சித்திரக்கதைக்கு எந்த அளவுக்கு உண்டு என்பதற்கு அந்த எட்டுப் பக்கங்களைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் அரிது.

ஓவியர் கறுப்பு மையோடு விட்ட பக்கத்தை வண்ணத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் செவரினின் தங்கை மேரி செவரின். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் நான்கு மைகளின் புள்ளிகளைக் கலந்து அச்சிடும் முறையில் நுட்பமான சாயல்களுக்கு வழியில்லை. அந்தக் குறையையே துணையாகக் கொண்டு, ஒரு கட்டம் முழுவதையும் ஒரே மஞ்சளிலோ நீலத்திலோ தோய்த்து உணர்ச்சியைக் கூட்டியும், மிகக் கோரமான இடங்களை அடர்நீலத்தில் ஆழ்த்தித் தணித்தும் அவர் வேலைசெய்தார்.

இவ்வளர்ச்சி 1954இல் முறிந்தது. காமிக்ஸ் சிறுவரைக் குற்றத்துக்கு இட்டுச்செல்கிறது என்னும் குற்றச்சாட்டை மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் நூலாக எழுதியிருந்த அவ்வாண்டு, ஏப்ரல் 21 அன்று நியூயார்க்கில் கூடிய செனட் துணைக்குழுவின் முன் கெய்ன்ஸ் தாமாக முன்வந்து சாட்சியளித்தார். வெட்டுண்ட பெண் தலையைக் காட்டும் கிரெய்க்கின் அட்டைப்படமும் அங்கு எடுத்துக்காட்டப்பட, கெய்ன்ஸின் வாதம் எடுபடவில்லை. பதிப்பாளர்கள் தாமே அமைத்துக்கொண்ட காமிக்ஸ் கோடு என்னும் தணிக்கை விதிகள் திகில் இதழ்களுக்கு முடிவு கட்டின. இனவெறியைச் சாடிய ‘ஜட்ஜ்மென்ட் டே’ கதையை மறுபடி வெளியிட முனைந்தபோது, இறுதிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும் விண்வெளி வீரர் கறுப்பினத்தவராக இருப்பதற்குத் தணிக்கையாளர் தடைசொன்னார். கெய்ன்ஸ் பணியாமல் அவ்வாறே அச்சிட்டு, அவ்விதழோடு காமிக்ஸ் வெளியீட்டை நிறுத்திக்கொண்டார். பத்திரிகை வடிவுக்கு மாறியிருந்த நையாண்டி இதழான ‘மேட்’ மட்டும் தழைத்தது.

சேகரிப்பவர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. அஞ்சல் சலுகைக்கான புதிய பதிவுக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக நின்றுபோன இதழின் எண்ணிலிருந்தே புதிய இதழைத் தொடங்கும் வழக்கம் அன்று இருந்தது. அதனால் ‘வியர்ட் சயின்ஸ்’ 1950இல் 12ஆம் எண்ணோடு பிறந்து, 15க்குப் பின் 5 என்று திரும்பி எண்ணப்பட்டது. 12 முதல் 15 வரையான எண்கள் இருமுறை வந்துள்ளமையால், ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பி வாங்கலாகாது. காகிதத்தில் அமிலம் இருப்பதால் வெளிச்சமும் வெப்பமும் அதனைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். அமிலமற்ற அட்டையும் மைலார் உறையும் இருளும் வறட்சியுமே அதற்குக் காப்பு. மூலச்சித்திரங்களைப் பிற பதிப்பாளர்கள் அழித்தும் எறிந்தும் வந்த காலத்தில், கெய்ன்ஸ் ஏறத்தாழ எல்லாவற்றையும் பூட்டிப் பாதுகாத்தார். அவை பின்னாளில் ரஸ் காக்ரன் வழியாக ஏலத்துக்கு வந்தன. அவற்றிலிருந்தே அவர் பதிப்பித்த பெரிய அளவுக் கறுப்பு-வெள்ளைத் தொகுதிகளில் ஓவியரின் கோடு முதல் அச்சைக் காட்டிலும் தெளிவாகத் தெரிகிறது.

2000ஆம் ஆண்டு முதல், இதழின் நிலையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டுத் திறக்கவியலாத பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிடும் முறை பரவியுள்ளது. வணிகத்துக்கு அது நம்பகம் தரலாம். ஆனால் அதன்பின் கண்ணுக்கு எஞ்சுவது அட்டை மட்டுமே. இங்கெல்ஸின் ஈரத்தையும் கிரிக்ஸ்டீனின் பட்டைகளையும் உள்ளே அடைத்துவைத்த உயர்மதிப்பெண் பிரதி ஒரு முதலீடு என்ற அளவில் நின்றுவிடுகிறது. முதுகு தேய்ந்து, ஓரம் பழுத்து, ஆனால் பக்கம் முழுமையாக உள்ள நடுத்தரப் பிரதியும் அதனருகே காக்ரனின் தொகுதி ஒன்றும் இருக்குமானால், வண்ணத்தையும் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிட்டும். ஓவியரைத் தேடிச் சேகரிக்க விரும்புபவர் மதிப்பெண்ணைப் பின்னுக்குத் தள்ளி, திறந்து படிக்கத்தக்க பிரதியையே வாங்குதல் நன்று.