வட்டியில்லாக் கடன்

கந்துவட்டி என்றதும் நம் கதைகளில் ஒரு ஆள் வந்துவிடுகிறான்: முறுக்கு மீசை, மோட்டார் சைக்கிள், வாசலில் நின்று வசவு. கடனின் அதிகாரம் இந்தச் சித்திரத்துக்கு வெளியேதான் அதிகம் செயல்படுகிறது என்று நினைக்கிறேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் முதலாளியிடம் வாங்குவது முன்பணம். அதற்குப் பெரும்பாலும் வட்டி கிடையாது. ‘நம்ம மொதலாளி வட்டியெல்லாம் வாங்கமாட்டாருங்க’ என்று பெருமையாகவே சொல்வார்கள். வாங்கப்படுவது வேறு. அசல் அடையும்வரை இன்னொருவருக்கு நெய்யக் கூடாது. கொடுத்த கூலிதான் கூலி. முதலாளி மாற வேண்டுமானால் புதியவர் பழையவரின் கணக்கைத் தீர்க்க வேண்டும். ஆள் மாறுகிறான், கடன் கூடவே போகிறது. கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை தேவை. அங்கே பல காலம் உட்கார்ந்தது குழந்தை. அதன் பேரிலும் முன்பணம். 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை இதைப் பேசியது.

அதே ஆண்டில்தான் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. சினிமாத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரனின் மரணத்தை ஒட்டி எழுந்த பரபரப்பில். (நெசவாளர் வீட்டுச் சாவுக்குச் சட்டம் வருவதில்லை.) அதன் ஆங்கிலப் பிரதியைப் படித்துப் பார்க்க வேண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருச்சொற்களே ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. முன்பணம் அந்த வரிசையில் இல்லை, இருக்கவும் முடியாது. 1918இன் கொடுவட்டிச் சட்டத்திலிருந்து தொடரும் இந்தச் சொல்லாடலில் குற்றம் என்பது வட்டி விகிதம். விகிதம் பூஜ்யமென்றால் குற்றமும் பூஜ்யம்.

முன்பணத்தைக் கண்டுகொண்டது 1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதையும் அது கொத்தடிமையின் இலக்கணத்தில் சேர்த்தது. அந்தக் கடன் செல்லாது என்றது. ஆனால் கொத்தடிமை என்றால் நமக்குச் செங்கல் சூளை, அரிசி ஆலைதான். சொந்த வீட்டில் தறியில் உட்கார்ந்திருப்பவரை அப்படி அழைக்க அதிகாரிக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’கூட நெசவாளரின் வாயில் பட்டிழையை ஒளித்துவைத்துத்தான் நம்மை அழவைத்தது. களவு கதையாகிவிடும், கணக்கு நோட்டு ஆகாது.

முன்பணத்தை ஒழி என்கிற தோழர்களுக்கு ஒன்று. ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் தண்ணி நிக்கும். பாவு விரிக்கத் தெரு காயாது. அந்த வாரங்களில் சோற்றுக்குக் கொடுப்பவர் அதே முதலாளிதான். விடுவிக்கப்பட்டவருக்குப் போதிய கடன் கிடைக்க வங்கிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கண்காணிப்புக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. அது நடக்க முதலில் அவரைக் கொத்தடிமை என்று யாராவது எழுத வேண்டும்.