ஒற்றைச் சிவப்புக் கட்டை

கத்தோலிக்க மழலையர் வகுப்பை அழகாக்குவது என்றாலே ஜிகினாத் தாளும் தோரணமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1954இல் உரோமையில் சோஃபியா கவலெத்தியும் ஜான்னா கொப்பியும் மாண்டிசோரி முறையை ஒட்டித் தொடங்கிய 'நல்லாயன் மறைக்கல்வி' வேறு வழி காட்டியது. அங்கே ஒழுங்கே அழகு. கைக்கெட்டும் உயரத்தில் அலமாரி; அதில் திருவழிபாட்டு ஆண்டைக் காட்டும் வட்டப் பலகை. வாரத்துக்கு ஒன்றாகச் சின்னஞ்சிறு மரக்கட்டைகள்: திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் வெள்ளை, நீண்ட பொதுக்காலத்துக்குப் பச்சை. சிவப்பு ஒன்றே ஒன்று, பெந்தகோஸ்துக்கு. அடுக்கி முடிக்கும் குழந்தை, ஓர் ஆண்டு முழுவதையும் விரல்களால் தொட்டுவிடுகிறது. பீடத்துணியின் நிறம் மாறும் ஞாயிறன்று அது சும்மா வேடிக்கை பார்க்காது. காரணம் தெரிந்து பார்க்கும்.

இப்படி ஆயத்தமாக வைத்த பொருள்கள் கற்பனையைக் கட்டிப்போடாதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அச்சடித்த ஆட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் முப்பது பேரிடமும் ஒரே ஆடுதான் கிடைக்கும். மேய்ப்பன், ஆடுகளின் சிற்றுருவங்களைக் கையால் நகர்த்திய பிறகு வெற்றுத்தாளைக் கொடுத்தால், ஒவ்வொரு குழந்தையும் தன் ஆட்டை வரையும். செலவும் பெரிய தடையில்லை. இப்பொருள்களை ஆசிரியர்கள் தாங்களே செய்வதுதான் இம்முறையின் மரபு. மரம் கிடைக்காவிட்டால் தடித்த அட்டை போதும். ஆசிரியர்களே, அடுத்த திருவருகைக் காலத்துக்கு முன் ஒரு வட்டமும் அதில் அடுக்கும் துண்டுகளும் வெட்டி, வண்ணம் பூசி வையுங்கள். அடுக்குவதைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள்.