நீ யாருப்பா?

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கட்டைக்கூத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் நேரம். இரண்டு பேர் துணியைப் பிடித்திருப்பார்கள். மேலே கிரீடம் மட்டும் மினுங்கும். முகவீணை இழையும், மிருதங்கம் அதிரும். கோமாளியான கட்டியக்காரன் கேட்பான்: நீங்க யாரு, எந்த நாடு, எதுக்கு வந்தீங்க? துரியோதனனே ஆனாலும் பேர் சொல்லித்தான் ஆகவேண்டும். குலமும் வீரமும் பாடி முடித்த ராஜாவிடம், ஒன்றுமே கேட்காதவன்போல அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். சபை குலுங்கும்.

மறதி நோய் கண்ட என் அம்மாவும் தினம் காலையில் இதையேதான் கேட்கிறாள்: நீ யாருப்பா? முதல் சில மாதங்கள் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். வழி காட்டியவள் என் மகள். போர்வையைத் திரையாகப் பிடித்து, காலால் தாளம் தட்டி, "ஆயா, உன் பேத்தி வந்திருக்கேன்!" என்று நுழைந்தாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இப்போது வீட்டில் எல்லோருக்கும் திரைப் பிரவேசம்தான்.

  

கர்ண மோட்சம் என்ற கூத்தில் குந்தி, சாகும் கர்ணனை மடியில் கிடத்தி, பிறந்த அன்றே ஆற்றில் விட்ட பிள்ளையை ஊரறியத் தன் மகன் என்று கதறுவாள். அதுவரை கட்டியக்காரன் நம்மைச் சிரிக்க வைத்திருப்பான். அந்தச் சிரிப்பில் இளகிய நெஞ்சில்தான் அழுகை இறங்குகிறது.

இம்முறை அந்தக் கூத்துக்கு அம்மாவையும் கூட்டிப்போய் முன்னால் பாயில் உட்காரவைத்தோம். குந்தி அழும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேர் கேட்கவில்லை.